சுலபமான வார்த்தை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில், சூளகிரிக்கு இந்தப் பக்கம், ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு புளியங்கொட்டை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மதராஸில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்து, மூட்டை கட்டி பம்பாய்த் துணி மில்களுக்கு அனுப்புவார்கள். அங்கே நூலுக்குக் கஞ்சி போட அந்த மாவுதான். தோல் நீக்குகிற கொட்டகையில் செம்மண் நிறத்தில் தூசி பறந்துகொண்டே இருக்கும். அதில் வேலை செய்த பெண்களின் இருமலை வைத்தே பஸ்ஸில் ஏறியவள் எந்த ஆலைக்காரி என்று கண்டக்டர் சொல்லிவிடுவான்.

நாற்பது பெண்கள் இருந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர்தான் நிரந்தரம். அவர்களுக்கு ஆலைக்குப் பின்னால் லைன் வீடு, மாதம் ஒரு தடவை டாக்டர். நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாலும் வேலை போகாது. மற்றவர்கள் தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஹெட் கிளார்க் கோவிந்தப்பன் வந்து விரலை நீட்டி, "நீ, நீ, நீ" என்பார். விரல் படாதவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

நாராயணப்பன் அங்கே இரண்டாவது கிளார்க். பாரூர்ப் பக்கத்துப் பையன், பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்தவன், இருபத்து நாலு வயது. வருகைப் பதிவேடு அவன் பொறுப்பு. சூளகிரியில் ஒரு சின்ன வீடு பிடித்து, தாயில்லாத தங்கை ருக்மணியோடு இருந்தான். ஆலைப் பெண்களை அவன் ஒரு நாளும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. "சின்ன கிளார்க்கய்யா நல்ல மனுசன்" என்று அவர்கள் சொல்வது அவன் காதுக்கும் வந்திருக்கிறது. அதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கும்.

அந்த வருஷம் தை மாதம் துரை வருவதாகக் கடிதம் வந்தது. துரை வருஷத்துக்கு இரண்டு தடவை மதராஸிலிருந்து காரில் வருவார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மூன்று வருஷத்துக்கு மேல் தினக்கூலியாக இருக்கிறவர்களில் ஏழு பேரை நிரந்தரப் பட்டியலில் என்ரோல் பண்ணப் போகிறார், வேண்டுகிறவர்கள் ஒவ்வொருவராக நேரில் வந்து தங்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று கடிதம் சொன்னது. என்ரோல் என்கிற அந்த வார்த்தை ஒரு பகலுக்குள் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. என்ரோல் ஆனால் லைன் வீடு, என்ரோல் ஆனால் கேட்டில் நிற்க வேண்டாம்.

கோவிந்தப்பன் கொட்டகை வாசலில் நின்று சொன்னார். "துரைகிட்ட நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்றேன். பயப்படாதீங்க."

சல்லடைக்குப் பின்னாலிருந்து நஞ்சம்மா எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கங்கப்பன் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்து ஐந்து வருஷம். இரண்டு பெண் குழந்தைகள். நாலு வருஷமாகத் தினக்கூலி.

"போன தடவை சென்னம்மாளுக்கும் நீங்கதான எடுத்துச் சொன்னீங்க? அவ தமிழ்ல அவ பேரைச் சொன்னா. உங்க இங்கிலீஷ்ல அது உங்க மச்சினிச்சி பேரா மாறிப்போச்சு. வேணாங்க. எனக்கு நானே சொல்லிக்கறேன்."

கொட்டகையே சிரித்தது. இருமிக்கொண்டே சிரித்தார்கள். வறுக்கிற டிரம்மை ஓட்டுகிற மெக்கானிக் குலாம் ரசூல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். கோவிந்தப்பனும் சிரித்தார். "சொல்லிக்கோ, தாராளமா சொல்லிக்கோ" என்றார். அவர் ஆபீசுக்குத் திரும்பி நடக்கும்போது கழுத்தின் பின்பக்கம் சிவந்திருந்ததைப் பக்கத்தில் நடந்த நாராயணப்பன் பார்த்தான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நஞ்சம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, "கிளார்க்கய்யா, துரைகிட்ட கேக்கறதுக்கு நாலே நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க" என்றாள்.

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "ப்ளீஸ் என்ரோல் மீ சார். இதைச் சொன்னாப் போதும். என் பேரைப் பதிஞ்சுக்குங்கன்னு அர்த்தம்" என்றான்.

"ப்ளீசு என்னாரோலு மீ சார்."

"என்னாரோலு இல்ல. என்ரோல்."

அன்று வரவில்லை. மறுநாள் சல்லடையை ஆட்டுகிற தாளத்துக்கு அவள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். பக்கத்துப் பெண்கள் கேலி பண்ணினார்கள். அவள் விடவில்லை. சாயங்காலம் சங்கு ஊதின பிறகு ஜன்னலுக்கு வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, தெளிவாக, "ப்ளீஸ் என்ரோல் மீ சார்" என்றாள்.

"அடடே! ரொம்ப நல்லா வந்துச்சு நஞ்சம்மா" என்று அவன் மனசாரச் சொன்னான்.

அவள் போனதும் கோவிந்தப்பன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னப்பா, பள்ளிக்கூடம் நடத்தறியா?"

"கேட்டா சார். அதான்."

"என்ரோல் அவளுக்குக் கஷ்டமா இருக்குதில்ல?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "சுலபமா ஒண்ணு சொல்லிக் குடு. ப்ளீஸ் ரிலீவ் மீ சார்."

நாராயணப்பன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ரிலீவ் என்றால் வேலையிலிருந்து விடுவிப்பது. தயவுசெய்து என்னை வேலையைவிட்டு நிறுத்திவிடுங்கள் என்று கேட்பதாக ஆகும்.

"ஒரு தமாசுதான்யா. அவ சொல்லுவா, துரை முழிப்பாரு, நாம சிரிப்போம். அப்புறம் நானே துரைகிட்ட விஷயத்தைச் சொல்லி அவ பேரைப் போட வெச்சிடறேன். வாய்க்கொழுப்பு கொஞ்சம் குறையட்டும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "உன்னோட வேலையை உறுதி பண்ற கடுதாசிகூட இங்கதான் கெடக்குது. துரை வரும்போது கையெழுத்து வாங்கிடலாம்."

பிறகு கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நாராயணப்பனே கொட்டகைப் பக்கம் போய் நஞ்சம்மாவைக் கூப்பிட்டான். வேம்படியில் நின்று சொன்னான். "அந்த வார்த்தை வேணாம். வேற ஒண்ணு இருக்குது, இன்னும் சுலபம். ரிலீவ். ப்ளீஸ் ரிலீவ் மீ சார்."

"நேத்து நல்லா வந்துச்சுன்னீங்களே அய்யா?"

"நீ சொல்றது எனக்குப் புரியும். துரைக்குப் புரியாது. ரிலீவ்ங்கறது துரைமாருங்க பேசற வார்த்தை. மரியாதையா இருக்கும்."

அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவையே வந்துவிட்டது. "அட, வழுக்கிக்கிட்டுப் போவுதே! இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நாளு என் நாக்கு வலிச்சிருக்காது" என்று சிரித்தாள். அடுத்த நாள் அவள் மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை. சாயங்காலம் கோவிந்தப்பன் உடைத்துத் தின்றார்.

துரை வந்தார். வயசாளி, வெயிலில் சிவந்த முகம், பேச்சு மெதுவாக இருக்கும். ஆபீசில் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியல் நோட்டைப் பிடித்துக்கொண்டு நாராயணப்பன் ஒரு பக்கமும், கோவிந்தப்பன் மறுபக்கமும் நின்றார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து தமிழில் சொன்னார்கள். கோவிந்தப்பன் எடுத்துச் சொன்னார். ஐந்து பேருக்குத் துரை டிக் போட்டார்.

ஆறாவதாக நஞ்சம்மா வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, பெரிய மகளின் கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். கும்பிட்டாள். கோவிந்தப்பன் வாய் திறப்பதற்கு முன்பே, ஒரு பிசிறில்லாமல் சொன்னாள்.

"ப்ளீஸ் ரிலீவ் மீ சார்."

துரையின் புருவம் உயர்ந்தது. முதலில், ஒரு கூலிக்காரி இங்கிலீஷ் பேசியதில் அவருக்குப் பிரியம் வந்தது. பிறகு முகம் வாடியது. நோட்டைப் பார்த்தார். நாலு வருஷம் ஒழுங்காக வந்தவள், போவது வருத்தம்தான், குடும்பத்தில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டார்.

நஞ்சம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எஸ் சார்" என்றாள்.

எப்போதிலிருந்து வேண்டும் என்று துரை கேட்டார். கோவிந்தப்பன் குனிந்து நஞ்சம்மாவிடம், "இன்னைக்கே வேணுமாங்கறாரு" என்றார்.

"இன்னைக்கே ஆச்சுன்னா ரொம்ப சந்தோசங்க! எம் புருசன்கிட்ட போய்ச் சொல்லுவேன்."

"இன்றைக்கே என்றால் ரொம்ப சந்தோஷமாம், சார். புருஷனிடம் போய்ச் சொல்லுவாளாம்" என்று கோவிந்தப்பன் இங்கிலீஷில் சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நாராயணப்பன் காத்திருந்தான். இப்போது சிரிப்பார், இப்போது சொல்லிவிடுவார் என்று கோவிந்தப்பனின் வாயையே பார்த்தான். கோவிந்தப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை கையை நீட்டி ரூல் தடி கேட்டார். அது நாராயணப்பன் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தான். துரை அதை நஞ்சம்மாவின் பெயர்மேல் வைத்து, சிவப்பு மையில் நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா ஓடுவதைப் பார்த்து நஞ்சம்மா மறுபடியும் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துரை எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

அதே மேஜையில் சற்று நேரம் கழித்து நாராயணப்பனின் உறுதிக் கடிதத்திலும் கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலையில் நஞ்சம்மா கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. நிரந்தரக்காரிகளோடு நேராக உள்ளே நடந்தாள். வாட்ச்மேன் மறித்தான். அவள் சத்தம் போட, கோவிந்தப்பன் வந்து நோட்டைக் காட்டினார். படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்புக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"துரை கையெழுத்து. நான் ஒண்ணும் பண்ணல. நீயேதான பேசினே?"

அவள் நாராயணப்பனைத் தேடி வந்தாள். கோபம் இல்லை. பயந்துபோய் இருந்தாள். "அய்யா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

இரவெல்லாம் அவன் அவளிடம் சொல்ல ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். உண்மைதான் அது. ஆனால் அவள் அப்படிக் கேட்டது அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று.

"ஆமா நஞ்சம்மா. அந்த 'ரி'யை நீ இழுத்துட்டே. இழுத்தா அர்த்தம் மாறிப்போயிடும்" என்றான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாழாப்போன நாக்கு" என்றாள். "துரை மறுபடி எப்ப வருவாருங்க?"

"ஆடியில."

"அதுக்குள்ள சரி பண்ணிடறேன் அய்யா."

ஏழு இடத்தில் ஓர் இடம் காலியாக நின்றது. மூன்றாம் நாள் கோவிந்தப்பன் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "உன் தங்கச்சி வீட்டுல சும்மாதான இருக்குது? எட்டாவது படிச்ச புள்ள. சல்லடையில வேணாம், எடை எழுதற எடத்துல போடலாம். துரை என்னையே பார்த்து ஒரு ஆளைப் போட்டுக்கச் சொல்லியிருக்காரு."

வேண்டாம் என்று சொல்ல நாராயணப்பன் வாயெடுத்தான். ருக்மணிக்கு இருபது வயது. கேட்டு வந்த இரண்டு வரன்களும் பெண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "சரிங்க சார்" என்றான். சிவப்புக் கோட்டுக்கு அடுத்த வரியில் அவன் கையெழுத்திலேயே ருக்மணி என்ரோல் ஆனாள். பின்னால் ஒரு லைன் வீடும் கிடைத்தது. ஓட்டு வீடு, சுவர் புதுசு, சுண்ணாம்பு வாசனை போகவில்லை.

தினக்கூலி வரிசையிலும் நஞ்சம்மாவை நிற்க விடவில்லை. துரையே விடுவித்த ஆளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் கோவிந்தப்பன். ரோட்டோரத்தில் வேர்க்கடலை அவித்து விற்றாள். பஸ் வராத நேரத்தில் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ரி, ரி, ரிலீவ். வாரம் ஒரு நாள் நாராயணப்பன் வெளியே வரும்போது வழிமறித்து, "இப்பக் கேளுங்க அய்யா" என்று சொல்லிக் காட்டுவாள். "இன்னும் கொஞ்சம் சுருக்கணும்" என்பான். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வெளியே வருவான். அவள் முகத்தைப் பார்த்ததும், சொன்னால் இவள் என்ன செய்வாள், எத்தனை பேர் கூடுவார்கள், ருக்மணி எங்கே போவாள் என்று வரிசையாகத் தோன்றும். "சுருக்கணும்" என்று சொல்லிவிட்டு நடப்பான்.

ருக்மணியிடமும் நஞ்சம்மா பிரியமாக இருந்தாள். யாருடைய இடத்தில் இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. "சாமி, வறுக்கற டிரம்முக்குக் காத்து வர்ற பக்கமா நின்னு எழுது. எதிர்ல நின்னா ஒரு வருசத்துல நெஞ்சு போயிடும். மூக்குல ஈரத்துணி கட்டிக்க" என்று சொல்லிக் கொடுத்தாள். ருக்மணி அப்படியே கட்டிக்கொண்டாள்.

ஆடி மாதம் துரை வந்தார். கார் கேட்டுக்கு முன்னால் நின்று வாட்ச்மேன் கதவைத் திறப்பதற்குள் நஞ்சம்மா ஓடி வந்தாள். அதே பச்சைப் புடவை, மடிப்பில் சாயம் போயிருந்தது. கார்க் கண்ணாடிக்குக் குனிந்து, கொஞ்சமும் இழுக்காமல், துரையே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"ப்ளீஸ் ரிலீவ் மீ சார்."

துரைக்கு அவளை ஞாபகம் இருந்தது. குழம்பிப்போனார். ஏற்கெனவே விடுவித்தாயிற்றே, இவள் இன்னும் என்ன கேட்கிறாள் என்று கேட்டார். துரையை வரவேற்கக் கேட்டுக்கு வெளியே நாராயணப்பனோடு நின்றிருந்த கோவிந்தப்பன் முந்திக்கொண்டு, புருஷன் படுத்த படுக்கை, புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது சார் என்றார். துரைக்கு அது போதவில்லை. காரின் மறுபக்கம் நின்ற நாராயணப்பனைப் பார்த்து, நீ சொல், இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டார்.

நஞ்சம்மா அவனைப் பார்த்தாள். சொல்லுங்கய்யா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். கேட்டுக்கு உள்ளே எடை மேடையில் ருக்மணி பென்சிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன்றுமில்லை, சார்" என்றான் நாராயணப்பன்.

கார் உள்ளே போனது. கோவிந்தப்பன் காரின் பின்னாலேயே ஓடினார். நாராயணப்பன் வெளியிலேயே நிற்க, கேட்டை மூடினார்கள்.

டிரம்முக்கு எண்ணெய் வாங்க வெளியே வந்திருந்த குலாம் ரசூல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். பெங்களூரில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் எட்டு வருஷம் இருந்தவன். கையிலிருந்த டின்னைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"நஞ்சம்மாக்கா, இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? வேலையை விட்டு என்னை நிறுத்துங்கன்னு இல்ல கேக்கறே! தையில நீ கேட்டதும் இதேதானா?"

நஞ்சம்மா அவனை முறைத்தாள். "போ பாய். உனக்கு இஸ்பேனரு புடிக்கத்தான் தெரியும்."

"அல்லா மேல ஆணை. ரிலீவ்னா விட்டுடறது. பட்டாளத்துல தினமும் கேட்ட வார்த்தை அது."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. மெதுவாகத் திரும்பி நாராயணப்பனிடம் கேட்டாள். "அப்பிடியாங்கய்யா?"

ரோட்டில் அந்த நேரம் ஒரு வண்டியும் போகவில்லை. நாராயணப்பன் குலாம் ரசூலைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"அவனுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? பட்டாளத்துல சமையக்கட்டுக்குப் பக்கத்துல நின்னிருப்பான்."

"பார்த்தியா!" என்று நஞ்சம்மா குலாம் ரசூல் மேல் பாய்ந்தாள். "நல்ல மனுசன் மேல பழி போடறியே, உன் நாக்கு அழுகாதா? எனக்கு வேலை கெடைச்சா உனக்கு என்னய்யா எரியுது?" கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் அவள் பக்கம் பேசினார்கள். குலாம் ரசூல் டின்னை எடுத்துக்கொண்டு போகும்போது நாராயணப்பன் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அதற்காகவே அவனை மறுநாள் கோவிந்தப்பன் வேலையை விட்டு நிறுத்தினார். துரையின் கையெழுத்துகூட அதற்குத் தேவைப்படவில்லை.

நஞ்சம்மா அடுத்த தை வரைக்கும் இருக்கவில்லை. புரட்டாசியில் கங்கப்பன் செத்துப்போனான். பாரூர் ஏரிப் பக்கம் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். "அய்யா, பாரூரு உங்க ஊருப் பக்கம்தான? அங்க கரும்பு ஆபீசுல எங்கயாவது இங்கிலீஷ்ல கேக்கணும்னா இதே வார்த்தை செல்லுமில்ல?"

"செல்லும்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்தான். களியும் கீரைக் குழம்பும். ருக்மணி எதிரில் உட்கார்ந்து கரண்டியால் குழம்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். போன வாரம்தான் ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்துவிட்டுப் போயிருந்தது. பெண் நிரந்தர வேலைக்காரி என்றதும் அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை.

"அண்ணா. அந்தம்மா ஆடியில கார்கிட்ட நின்னு சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேலை கேட்டா. வேறென்ன?"

அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். "நான் எட்டாவது படிச்சிருக்கேண்ணா" என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அழுவாளா, எழுந்து போவாளா, நாளைக்கு எடை மேடைக்குப் போக மாட்டேன் என்பாளா என்று காத்திருந்தான். வெளியே லைன் வீட்டுக் குழந்தைகள் டயர் ஓட்டிக்கொண்டு ஓடின.

ருக்மணி கரண்டியைத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.